சிரிப்பை முதலில் எடுத்தோம்

அன்புள்ள அப்பா,

ஆமாம், எடுத்துவிட்டேன். ஒரே டேக்.

என் முதல் படம், அப்பா. அதன் கடைசிக் காட்சி. நம் திண்டிவனம் வீட்டு ஹாலில்தான் எடுத்தேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து உங்களைக் கிடத்திய அதே ஹால். கதையிலும் ஓர் அப்பா இறந்துகிடக்கிறார். வேறு இடம் பார்க்கலாம் என்றார்கள். நான் கேட்கவில்லை.

நீங்கள் இயக்கிய ஒரே சினிமாவை இந்த ஊர்த் தியேட்டரே ஒரு வாரம்கூட ஓட்டவில்லை. அதன்பிறகு சீரியல்தான். எத்தனை பேரைக் கொன்றீர்கள்! கால்ஷீட் தராதவர், கல்யாணமாகிப் போனவர், எல்லோர் போட்டோவுக்கும் மாலை. ஆனால் பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்கவேண்டும். சிரிக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டீர்கள். நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், சாவின் தோஷம் கழிய. நீங்கள் அதற்கென்றே ஜோக் வைத்திருப்பீர்கள்.

இந்த ஹாலில் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து நான் எதற்காகக் காத்திருந்தேன் தெரியுமா? அந்தச் சிரிப்புக்குத்தான்.

பிணமாக நடிக்க வந்தவர் கோலியனூர் தண்டபாணி மாமா. உங்கள் சீரியல்களில் அதிகம் செத்தவர். நாளை அவருக்கு வேறு ஷூட்டிங். இன்று விட்டால் காட்சியே இல்லை. மாலையோடு படுத்துவிட்டார். கேமரா ஓடுகிறது. எனக்கு 'ஆக்‌ஷன்' வாயில் வரவில்லை.

"மேடம், லைட்டு போகுது" என்றார் கேமராமேன்.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இன்னா பாப்பா, எவ்ளோ நேரம் செத்துக்கினு இருக்கிறது? மூக்குல ஈ உக்காருது."

"முடியல மாமா."

"அப்ப ஒண்ணு பண்ணு. மொதல்ல சிரிப்ப எடுத்துக்கோ. அப்புறம் ஜல்தியா செத்துடறேன்."

உங்கள் பழைய மேக்கப் அண்ணன் பதறிவிட்டார். "ராசி கெட்டுடும்மா. சார் ஒரு நாளும் மாத்துனதில்ல."

"யோவ், சாவப்போறவன் நானு. உனக்கின்னா பேஜாரு?"

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கட்டிலருகே மெஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. நர்ஸைப் பார்த்துச் சொன்னீர்கள்: "சிஸ்டர், என் சீரியல்ல இந்த மெஷினு இன்னும் சத்தமா கத்தும்." சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது.

அப்படியென்றால் எனக்கு அந்தச் சிரிப்பு அன்றே கிடைத்துவிட்டதா, அப்பா? வரிசைதான் மாறியிருந்ததா?

அந்த மெஷின் ஜோக்கை மாமாவிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மேக்கப் அண்ணனும். எல்லாம் கேமராவில் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா மறுபடி படுத்தார். "ஆக்‌ஷன்!" என் குரல், அப்பா. தெருமுனைவரை கேட்டதாம்!

இந்தச் சிரிப்பு படத்திலும் இருக்கும். இனி என் படத்தில் யார் செத்தாலும், முதலில் சிரிக்கவைத்துவிட்டுத்தான். உங்களுக்கு என் வாக்கு இது.

பிறகு மாமாவின் மாலையைக் கழற்றினேன். மிச்சமிருந்த வெளிச்சத்தில், அடுத்த ஷாட்டுக்குக் கேமராவை வாசலில் வைத்தேன்.

உங்கள் பாப்பா,
யூனிட்டுக்கு மேடம்