உயிருள்ள சரக்கு, இரண்டு டன்

லிம்பே,
அக்டோபர் 19

அன்பு மகள் தமண்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்பது உன் அம்மாவின் தீர்ப்பு, என்னைக் கேட்டால் முக்கால் சுகம் என்பேன். கிளாஸ்கோ குளிரில் நீ இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் நான் இரண்டாவது செய்திக்குப் போவதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். வரிசை தவறாமல் இருக்க முதலில் குறிப்பு:

1. என் உடல்நிலை.
2. எல்லையில் நிற்கும் ஈஸ்ட்.
3. அது யார் செய்த தவறு.
4. நீ சொன்னபடி கடையை மூடிவிட்டு உன்னிடம் வந்துவிடுவதே சரி என்பது.

முதலாவது, முழங்கால் வலிக்கிறது. வேறொன்றும் இல்லை.

இரண்டாவது. கடலே இல்லாத நாட்டில் கேக் சாமான் இறக்குமதி செய்யப் புறப்பட்டவனுக்குப் பொறுமையை யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பெய்ரா துறைமுகத்தில் சரக்கை ஏற்றிக்கொண்ட நம் லாரி, வெனிலா, பேக்கிங் பவுடர், இரண்டு டன் ஈஸ்டோடு எல்லைச் சாவடிக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். சாவடி இருக்கும் பள்ளத்தாக்கின் அக்டோபர் வெயில் உனக்குத் தெரியும், அடுப்பில் வைக்காமலே எல்லாம் வெந்துவிடும். ஈஸ்ட் பொட்டலம் செங்கல்போல் இறுகியிருக்க வேண்டும். மெத்தென்று ஆனால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். டிரைவர் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனில், மேலடுக்கு எல்லாம் மெத்துமெத்துன்னு ஆயிட்டுது ஐயா, பேசாம தலகாணி வியாபாரம் பண்ணலாம் என்று ஆறுதல் சொன்னான். நல்ல பிள்ளை. நம் ரொட்டிக்காரர்களும் மிகுந்த அன்போடு தினமும் கடைக்கு வந்து, துக்க வீட்டில் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டு, அடுத்த தெருக் கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடையின் மொத்த முதலும் அந்த லாரியில்தான் நிற்கிறது. ஈஸ்ட் செத்தால் கடையும் செத்தது.

மூன்றாவது. தவறு என்னுடையது. இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளத்தான் ஆசை. சுங்கப் படிவங்களை என் தங்கை மகள் ஃபலேசிதான் இத்தனை வருடமாக நிரப்புகிறாள். சரக்கில் உயிருள்ளவை உண்டா என்ற கேள்விக்கு அவள் எப்போதும் இல்லை என்றே எழுதுவாள். இந்த முறை சரிபார்க்கிறேன் என்று வாங்கினேன். முப்பது வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் கையெழுத்துப் போடும் காகிதத்தில் பொய் இருக்கலாமா? இல்லை என்பதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, ஆம், இரண்டு டன், உறங்குநிலையில் என்று எழுதி, பக்கத்தில் லத்தீன் பெயரையும் சேர்த்தேன். சாவடியில் அதைப் படித்த அதிகாரி கால்நடைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து போன் செய்து, மொத்தம் எத்தன தலைங்க என்று கேட்டார்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி என்று நான் ஆரம்பித்தேன். ஃபலேசி போனைப் பிடுங்கிக்கொண்டாள். உன் அம்மா, முப்பது வருஷம் ஈஸ்டுக்கு உயிர் இருக்குன்னு சொன்னீங்க, ஒரு பிள்ளையும் நம்பல, இப்பத்தான் ஒருத்தர் நம்பியிருக்கார், சந்தோஷப்படுங்க என்றாள். கடைசியில் சாவடிக்காரர்கள் இரங்கி, எல்லாம் செத்துப்போச்சுன்னு ஒரு சர்டிபிகேட் கொண்டாங்க, விட்டுடறோம் என்றார்கள். நல்ல யோசனை. அந்தக் காகிதம் இருந்தால் ஈஸ்ட் வரும், வாங்கத்தான் ஆள் வராது.

ஆகவே நான்காவது. நீ சொன்னதே சரி. கடை இம்மாதத்தோடு மூடப்படும் என்று அழகாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன். டிக்கெட் எடுத்துவிடு.

மேலே உள்ளதை எழுதி மூன்று நாளாகிவிட்டது. தபால் நிலையத்தில் தபால்தலை தவிர எல்லாம் இருந்தது, அதனால் அனுப்பவில்லை. இதற்கிடையில் ஃபலேசி என்னிடம் சொல்லாமல் ஒரு அலுமினியச் சட்டி, மாவு, சர்க்கரை, எண்ணெயோடு மினிபஸ் ஏறி எல்லைக்குப் போயிருக்கிறாள். அதிகாரி உயிருள்ள சரக்கு என்றதும், தூங்குதுங்க ஐயா, பீன்ஸ் மூட்டையும் தூங்குதுதான், அதத் தினமும் விடறீங்களே. மதியத்துல நீங்களும் இந்த நாற்காலியில தூங்கறீங்க, கால்நடைக்காரங்க வந்து தலை எண்ணினாங்களா என்று கேட்டாளாம். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரக்கின் அடியடுக்கிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து அங்கேயே மாவு பிசைந்து, பொங்கவிட்டு, மன்டாசி உருண்டைகளைப் பொரித்துக் கொடுத்திருக்கிறாள். இதுல எது ஆடு, எது மாடுன்னு பாத்துச் சொல்லுங்க என்றாளாம். ஆறாவது மன்டாசியில் அவர் உணவுப் பொருள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலடுக்கில் முப்பது பெட்டி செத்துவிட்டது. மற்றவை பொங்குகின்றன.

நேற்று மாலை லாரியோடு வந்து இறங்கினாள். கதவில் இருந்த என் அறிவிப்பைக் கிழித்து, அதிலேயே நான்கு மன்டாசியைச் சுற்றி என் மேசையில் வைத்து, சாப்பிடுங்க மாமா, ஆறிடும் என்றாள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தாய்மாமன் சொத்து தங்கை பிள்ளைக்கு என்பது நம் வழக்கம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியென்றால் நான் மூட எழுதியது என் கடையை அல்ல, அவளுடைய கடையை. அவளை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த என் கையெழுத்தின் மேல் வைத்தே நான்கையும் சாப்பிட்டேன்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. ஈரத் தலையோடு வெளியே போகாதே, அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய். குறிப்பில் முதலாவதும் மூன்றாவதும் சரியாகவே இருக்கின்றன, இரண்டாவது வீடு வந்துவிட்டது. நான்காவது தவறு. டிக்கெட்டை முன்பே எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

உன் அப்பா,
ஜெய்லோசி ம்பேவே