தேய்த்துப் பளபளத்த தகடு

ஸ்ரீபெரும்புதூர்
21.10.1991

சௌபாக்கியவதி ஜயஸ்ரீக்கு,

1. இதை எழுதுபவன் உன் கணவனும் இவ்வாய்வுக்கூடத்தின் சட்ட அலுவலனுமாகிய வரதராஜன். நான் நலம், நீயும் குழந்தைகளும் நலமா?

2. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் எங்கள் மலிவான இரும்புத் தகடு, அறுபது நாள் சோதனையில் ஐம்பத்திரண்டைக் கடந்திருந்தது. அதன் செந்நிறப் பூச்சுதான் வினையூக்கி. ஆயுதபூஜைக்காக வெளியே எடுத்து வைத்ததைத் துப்புரவுப் பணியாளர் மீனம்மாள் புளியிட்டுத் தேய்த்து, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். “துரு புடிச்சிக்கினு கெடந்துச்சே சார், சாமிக்கு அப்டியேவா வெப்பாங்க?” என்கிறார். இதற்கு எந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது?

சோதனை மறுபடி முதல் நாளிலிருந்து. காப்புரிமை மனுவுக்காகத் தினமும் பார்த்துக் கையொப்பமிடுபவன் நானாகையால், தீபாவளிக்கு வர இயலாது. லேகியமும் என் பழைய போர்வையும் அனுப்பு. சென்ற ஆண்டு நான் சொன்னதைச் சாக்கு என்றாய். ஆகவே சாட்சிகள் கீழே.

(ஒப்பம்) வரதராஜன்

சாட்சிகள்:
ரகு, சோதனையாளர்
மீனம்மாள், கைநாட்டு. “அம்மா, தப்பு என்னுதுதான், சார கோச்சுக்காதீங்க.” (அவர் சொல்ல, ரகு எழுதியது)