தோசை மாவில் கலந்த தயிர்

மாடத்தி,

மோட்டார் ரிப்பேர்காரனைக் கூப்பிட சேத்தூர் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

தோசை மாவில் நீ தயிர் கலக்கியதைப் பார்த்துவிட்டேன். சீ! மிச்ச மாவை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டேன், தேடாதே.

உயிர்களை வதைத்து வருகிற பால், தயிர், முட்டை எதுவும் ஆகாது என்று நம்ம மகள் கார்த்தீஸ்வரி சொல்வது எனக்கும் எரிச்சல்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள் பால்கோவாவைக் கண்டு முகத்தைச் சுளிக்கிறாள், தூ! பி ட்வெல்வ் சத்து இல்லாமல் அவள் கால் மரத்துவிட்டதாம், கீரையில் அது கிடையாதாம், பால் தயிரில் உண்டாம். அப்படிச் சொன்ன டாக்டரை நான் நம்பவில்லை. ஆனால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அவள் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதுக்காகத் திருட்டுத்தனமாக ஊட்டுவாயா? "தெரியாமத் தின்னா தோசமில்ல"ன்னு பக்கத்து வீட்டுல வேற சொல்லியிருக்க. புரட்டாசிச் சனிக்கிழமை உன் சாம்பாரில் எவளாவது கருவாட்டுத்தூளைப் போட்டால் சும்மா இருப்பியா?

பீர் முகமது மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கி அவள் மேசையில் வைத்திருக்கிறேன். முதலில் தந்த கேப்சூலின் கூடு மாட்டெலும்பில் செய்ததாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது வெறும் மாத்திரை.

நேற்றுத் தின்ற தோசையைப் பற்றி அவளிடம் நீயே சொல்லு. பிறத்தியார் சொல்லித் தெரிந்தால் நம்ம கையால் கொடுக்கும் மாத்திரையையும் துப்பிவிடுவாள்.

தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நான் வரும்வரை பொறு. பக்கத்தில் உட்காருகிறேன். உனக்குப் பரிந்து பேச மாட்டேன்.

கண்ணுச்சாமி