அந்தச் சுவருக்கு மட்டும் வேண்டாம்

இன்று காலை கூடத்துச் சுவரை ஈரத்துணியால் துடைத்தேன். துணியோடு வெள்ளைத் தூள் வந்தது. உப்புதான், வேறென்ன? கடைசியாக நீங்கள் அடித்த சந்தனக் கலர் செதில் செதிலாக உரிந்து தரையெல்லாம் கிடந்தது. உங்களைத் திட்டிக்கொண்டேதான் பெருக்கினேன். உயிரோடு இருந்தபோதே என் பேச்சைக் காதில் வாங்காத ஆள், இப்போதா கேட்டுவிடப் போகிறீர்கள்?

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் பிள்ளை பிரபு வீட்டை விற்றுவிடச் சொல்கிறான். "நீ ஒண்டியா ஆம்பூர்ல இன்னாம்மா பண்ணப் போற? ஓசூர் வந்துடு, பாப்பா உன்னத்தான் கேக்குது" என்கிறான். எனக்கும் போக ஆசைதான். ராத்திரி ஒரு வாய் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. எதிரில் உட்கார்ந்து குறை சொல்லவாவது ஓர் ஆள் வேண்டாமா? ஒரு புருஷன் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள், அதற்குள் ஒரு பெயின்டரைப் பிடித்துப் பெயின்ட் அடித்து வை என்று பத்து நாளைக்கு முன்னால் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பெயின்டரை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு எங்கே தெரியும்? நம் வீட்டுக்குள் ஒரு பெயின்டர் கால் வைத்ததே இல்லை. நீங்கள் வைக்க விடவில்லை. தோல் பதனிடும் டேனரியில் காலமெல்லாம் கலர் அடித்தவராயிற்றே. "தோலுக்கே கலர் குடுக்கறவன் நானு, செவுத்துக்குப் போய் இன்னொருத்தனக் கூப்பிடறதா?" என்று மார் தட்டிக்கொள்வீர்கள். முள் கீறினது, உண்ணி கடித்தது என்று தழும்பு விழுந்த தோல்தான் உங்கள் கைக்கு ஜாஸ்தி வரும். அதைத் தேய்த்து, மேலே கலரை ஏற்றி, பளபளவென்று அனுப்பிவிடுவீர்கள். "நல்லாத் தேச்சுட்டு மேல கலர் குடுத்துட்டா எல்லாம் நல்ல தோல்தான்டி" என்பீர்கள். அதையே சுவரிடமும் காட்டினீர்கள்.

இந்த வீடு கட்டும்போது போர்வெல்லில் வந்த தண்ணீரைத் தொட்டி நிறையப் பிடித்து வைத்திருந்தீர்கள். கை கழுவினால் சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். "வேணாங்க, கட்டறதுக்காவது தண்ணி வண்டி சொல்லலாம்" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "செவுரு இன்னா தண்ணி குடிக்கவா போவுது?" என்று கொத்தனாரிடம் சொல்லிச் சிரித்தீர்கள். சுவர் நன்றாகவே குடித்தது. குடிபுகுந்த மறு மழைக்கே இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்துவிட்டது.

அன்று முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்களுக்கும் அந்தச் சுவருக்கும் மல்லுக்கட்டுதான். உப்புக்காகிதத்தை வைத்துத் தேய்ப்பது, பட்டி வைத்துக் குழியை அடைப்பது, கலர் அடிப்பது. அடித்து முடித்ததும் நாற்காலியை எதிரில் போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். "இப்ப சொல்லு, எங்க இருக்குது உப்பு?" நானும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆமாமாம், அரண்மனை மாதிரி இருக்குது" என்பேன். ஆடி பிறப்பதற்குள் பொரிந்துவிடும். ரொம்ப மோசமான மூலையை மறைத்துப் பீரோவை வைத்தீர்கள். வந்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. நமக்குமே மறந்து போனது.

பக்கத்துத் தெருவில் பெயின்ட் அடிக்கிற ஜாபர் பாயை விசாரித்துக் கூப்பிட்டனுப்பினேன். வந்தவர் சுவரை விரலால் தட்டினார். பொலபொலவென்று கொட்டியது. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இது குடியிருக்கவாம்மா, விக்கவா?"

"விக்கத்தான் பாய். ஏன்?"

"குடியிருக்கன்னா பூச்சக் கொத்தி எடுக்கணும். அது கொத்தனார் வேல, பேஜாரு புடிச்ச வேல. விக்கறதுன்னா கவலையே வேணாம்மா. தேச்சு, பட்டி வெச்சு, மேல ரெண்டு கோட்டு குடுத்துடறேன். அவுங்க குடி வர்ற வரைக்கும் தாங்கினாப் போதுமில்ல?"

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது அப்படியே உங்கள் பேச்சு. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்று முழுக்க உங்கள் கடைசிப் பொங்கலே கண்ணில் நின்றது. தேய்க்கத் தேய்க்க நடுவில் நிறுத்திவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தீர்கள். மூச்சு வாங்கியது. "இன்னாங்க?" என்று ஓடி வந்தேன். "தூசிடி, ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போய்க் கலரை அடித்து முடித்தீர்கள். அதற்கு அடுத்த வாரம் உங்கள் தங்கை வீட்டு வளைகாப்புக்கு இஸ்திரி போட்ட சட்டை, முகத்துக்குப் பவுடர், மீசைக்கு மை. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று நான்தான் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தேன். பஸ் ஸ்டாண்டு வரை நடக்க முடியாமல், செருப்பு கடிக்கிறது என்று சொல்லி நீங்கள் நின்று நின்று வந்ததை நம்பினேனே, என்னை எதால் அடிப்பது? அடப் பாவி மனுஷா, என்னிடமும் கலர் அடித்துத்தானே காட்டினீர்கள்.

மறுநாள் பாய் வந்ததும் சொல்லிவிட்டேன். "கதவு, ஜன்னலு, வெளி கேட்டு, மத்த ரூமுங்க எல்லாத்துக்கும் நல்லா அடிங்க பாய். கூடத்துச் செவுரு அப்டியே இருக்கட்டும்."

"அதாம்மா மொதல்ல கண்ணுல படும்."

"படட்டும்."

பிரபுவுக்குத் தெரிந்ததும் போனிலேயே குதித்தான். "இன்னாம்மா உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அதப் பாத்துட்டு எவன் வாங்குவான்?" அவன் கோபமும் நியாயம்தான். நான் தனியாகக் கிடப்பேனே என்ற பயத்தில்தான் கத்துகிறான். பிள்ளையிடம் என்னவென்று விளக்குவது?

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறாளாம், நாலைந்து மாசம் இருக்கும், வயிறு லேசாகத் தெரிந்தது. அவன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். லோன் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். சமையலறையைப் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, இந்தப் பீரோவக் கொஞ்சம் நவுத்து" என்று அவனிடம் சொன்னேன். நகர்த்தினான். பின்னால் செங்கல்லே அரித்துப்போய்க் குழி விழுந்திருந்தது. இவ்வளவு ஆகியிருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

அவள் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். "எவ்ளோ வருஷமாம்மா இப்டி இருக்குது?"

"கட்னதுலருந்தே. உப்புத் தண்ணில கட்னது. மேல அடிச்சு அடிச்சு வெச்சோம்" என்றேன்.

டீ குடித்தார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். அப்புறம் போன் இல்லை. இனி வராது. வீடு இப்போதைக்கு விற்காது, ஓசூரும் இப்போதைக்கு இல்லை. தெரிந்துதான் செய்தேன். ஆனாலும் அவர்கள் போனதும் வெளிக் கேட்டைச் சாத்திவிட்டு வந்து அழுதேன்.

வீடு விலை போகாததற்காக இல்லை. அவள் கேட்ட கேள்வியை என்னிடம் இதற்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். வேலூர் ஆஸ்பத்திரியில் உங்களை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, அந்தச் சின்ன வயது டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு நாளாம்மா இவருக்கு இப்படி இருக்கு?" என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். சுவரைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிகிறது. முப்பது வருஷம் பக்கத்திலேயே படுத்த ஆளைப் பற்றிக் கேட்டபோது, "தெரியலைங்க" என்றுதான் வாயில் வந்தது.