வியர்க்காத இருவர்

ஐப்பசி 23, ஞாயிறு

"உனக்கும் தைராய்டு இருக்கலாம்மா" என்று இன்று நான் சொல்லவில்லை.

விடுமுறை என்பதால் அம்மா வேலை செய்யும் மலைத் தோட்டத்துக்கு அவளோடு ஜீப்பில் போயிருந்தேன். ஏலக்காய் உலர்த்தும் அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தட்டுகளைப் புரட்டிய பெண்கள் எல்லோருக்கும் ரவிக்கை நனைந்துவிட்டது. நானும் அம்மாவும் மட்டும் ஸ்வெட்டரோடு நின்றோம்.

"ஆத்தாளும் மகளும் ஐஸ்பெட்டிக்குள்ள பெறந்தவளுகளா?" என்று அம்மாவோடு வேலை செய்யும் பேச்சியக்கா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"மலைக்குளிரு எலும்புல ஏறிருச்சுடி, இனி எறங்காது" என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. முகம் ஊதியிருந்தது. மாத்திரை எடுக்கும் முன் எனக்கும் இப்படித்தான் இருந்தது; குளிர் மட்டும் இன்னும் விடவில்லை.

எனக்கு மாத்திரை எழுதித் தந்த அன்றே, அம்மாவுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டர். அதைச் சொன்னால் என் மாத்திரையையும் சொல்ல வேண்டும். என் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்று அழுவாள். அவள் கை வைக்காத இடம் என்பதால் டப்பாவைப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன்.

"எனக்கு ராத்திரி அடுப்புச் சோலி இருக்கு. நீ வெரசா போ, ஜீப்பு போயிரும்" என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன்.

இரவு எட்டு மணிக்குப் பேச்சியக்கா போன் செய்தாள். அடுப்போரம் உட்கார்ந்தபடியே தூங்கிய அம்மாவை எழுப்ப முடியவில்லையாம். இன்னொரு ஜீப்பில் கீழே போடி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்; நானும் ஓடினேன். தொட்டபோது கை சில்லென்று இருந்தது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தைராய்டு ரொம்பக் குறைந்துபோனால் உடம்பு குளிர்ந்து இப்படி நினைவு தப்பும் என்றார். அம்மா இன்னும் கண் திறக்கவில்லை.