கடல் பல்லியின் தோல்

ஜனவரி 18, சனி

பனி. துவைத்த துணி மதியம் வரை காயவில்லை. இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். அரியலூரில் சுண்ணாம்புக் குவாரி, டிப்பர் ஓட்டுகிறார். துண்டில் சுற்றி ஒரு கல்.

"டைனோசர் காலத்து கடல் பல்லிமா. பஸ் நீளம் இருந்துச்சாம். அதோட தோலு கல்லுல அச்சா வுழுந்திருக்கு பாரு."

மகள் ஜெனி கேட்டிருந்த கல். வியாழக்கிழமை பள்ளியில் கண்காட்சி, அவள் தலைப்பே கடல் பல்லி. வாங்கி, செதிலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டாள்.

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. செருப்பில் குவாரிப் புழுதியே இல்லை.

ஜன. 19, ஞாயிறு

சர்ச். கறி அரை கிலோ. அரியலூரில் கூட யார் தங்குகிறார்கள் என்று இவரிடம் கேட்டேன். "இன்னா, பசங்கதான்." அவ்வளவுதான் பதில். சட்டையில் ஊறல் தோல் வாடை. அரியலூரில் ஏது தோல் பதனிடும் டேனரி?

வாங்க: சோப்பு, சார்ட், கோந்து.

ஜன. 21, செவ்வாய்

எங்கள் தோல் ஃபேக்டரி ஃபினிஷிங்கில் இன்று முதலை அச்சு. மாட்டுத் தோல்தான், பிளேட் வைத்து அழுத்தினால் முதலை. பழைய பிளேட்டில் ஒரு கீறல். ஏழு செதிலுக்குக் குறுக்கே, நுனியில் கொக்கி. அது விழுந்த தோலுக்கெல்லாம் சாக்பீஸ் வட்டம் போட்டு ரிஜெக்ட் செய்வது நான்தான். இதே கீறலை வீட்டுக் கல்லிலும் பார்த்த ஞாபகம்.

வீட்டுக்கு வந்து கல்லை ஜன்னலோரம் வைத்து எண்ணினேன். ஏழு செதில். கொக்கி. கல்லே இல்லை, எங்கள் ரிஜெக்ட் தோலை அழுத்தி அச்செடுத்த சிமெண்ட். அந்தத் தோல் போவது மேல்விஷாரம் டேனரிகளுக்கு. அப்போ இத்தனை நாளும் அங்கேதானா? யாரோடு? 

ஜன. 22, புதன்

கேட்டேவிட்டேன். இவர் தலை குனிந்தபடியே சொன்னார்.

"கண்ணு சரியில்லன்னு குவாரியில மூணாம் நாளே அனுப்பிட்டாங்க. உங்கிட்ட எப்டி சொல்றது? மேல்விஷாரத்துல உப்புத் தோல் தூக்குறேன். பாப்பா கல்லு கேட்டுச்சே, வெறுங்கையோட எப்டி வர்றது?"

உப்பில் இவர் கையெல்லாம் வெடிப்பு. முக்கால்வாசி நம்பினேன். கண் கதை மட்டும் சாக்கு மாதிரி இருந்தது.

கண்காட்சிக்கு வருபவர்களில் பாதிப் பேர் எங்கள் ஃபேக்டரி. அந்தக் கீறல் தெரியாதவர் யார்? பிள்ளை மானம் போகும். தேய்த்துவிடலாம் என்று உப்புத்தாளோடு போனேன். கல் இல்லை. ஜெனி காலையிலேயே பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜன. 23, வியாழன்

அரை நாள் பெர்மிஷன். இருவரும் போனோம். எங்கள் செக்‌ஷன் சாந்தி எனக்கு முன்பே கல்லருகில் நின்று சிரிக்கிறாள். கிட்டே போனேன். கல்லுக்குக் கீழே அட்டை, ஜெனி கையெழுத்து:

"மாதிரி. உண்மைச் செதில் இதைவிட மிகச் சிறியது, வைர வடிவம். செய்தவர்: என் அப்பா."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"பார்த்த அன்னிக்கே தெரியும்மா. அப்பாவே சொல்லட்டும்னு இருந்தேன்."

இவர் அட்டையை இரண்டு முறை படித்தார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய், எழுத்து எழுத்தாக.