நாயைக் கயிற்றில் பிடித்தே இருங்கள்

ஏப்ரல் 4

மூன்றாவது நாளாக அதே சுற்று. எங்கள் பப் வாசலில் கிளம்பி, தேவாலயம், ஓடைப் பாலம், பண்ணைக்காரர் பிரீஸின் கீழ்வயல், காட்டோரம், மறுபடி பப். இரண்டே முக்கால் மைல். எங்கே திரும்ப வேண்டும், எங்கே வேலியைத் தாண்ட வேண்டும் என்று எழுதுகிறேன். வழித்தாள் அச்சடித்து வைத்தால் நடக்க ஆள் வரும் என்பது அப்பாவின் கணக்கு.

“நடந்துட்டு வர்றவனுக்குப் பசிக்கும். வேற எங்க போவான்?” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்க, “எங்க வம்சத்துலயே காலேஜ் படியை மிதிச்சது இவ ஒருத்திதான். இவ எழுதட்டும்.”

சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 9

மிஸ்டர் பிரீஸ் சேற்று பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு சமையலறைக்கு வந்தார். “கண்ணு, என் கீழ்வயலைப் பத்தி என்ன போட்டிருக்கே?”

படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

“மே மாசம் கன்னு ஈன்ற பசுங்களை அங்கதான் விடுவேன். பாதை ஊருக்குச் சொந்தம், நான் அடைக்க முடியாது. நாயோட வர்றவங்களைத் தார் ரோட்டு வழியா போகச் சொல்லு. மீறி வந்து மாடு துரத்துச்சுன்னா நாயை விட்டுடணும். மாட்டுக்குக் கோவம் நாய் மேலதான். நாய் ஓடிப் பொழைச்சுக்கும். மனுஷனால ஓட முடியாது.”

அவர் சொன்னபடியே நான்கு வரி எழுதினேன்.

ஏப்ரல் 11

அப்பா அந்த நான்கு வரியை பாரில் நின்று உரக்கப் படித்தார். “இது நடக்கக் கூப்பிடுற தாளா, சாகக் கூப்பிடுற தாளா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“மேல ‘சுலபமான நடை’ன்னு போட்டுட்டு கீழ மாடு முட்டும்னு போட்டா எவன் வருவான்? நாயைக் கயித்துல புடிச்சுக்கங்கன்னு போடு, போதும். பிரீஸுக்கும் அதானே வேணும்?”

அது அல்ல. அதற்கு நேர் எதிர். தெரிந்தும் நான்கு வரியையும் நானேதான் அழித்தேன். ‘நாயைக் கயிற்றில் பிடித்தே இருங்கள்’ – தடித்த எழுத்தில். அழகாக இருந்தது.

ஏப்ரல் 30

மதியம் பப்பில் உட்கார இடமில்லை; பாதிப் பேர் கையில் வழித்தாள். அப்பா சமையலறைக்கு வந்து என் உச்சந்தலையில் முத்தமிட்டுப் போனார்.

மே 17

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹேசல் டன்னிங். அறுபத்து மூன்று வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவருக்கு முழங்கால் வலி. அவர் ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிட்டார். “ஒரு மணிக்கு வந்துடுவேன், ரெண்டு பேருக்கும் மீன் சொல்லி வைங்க” என்று என்னிடம்தான் சொல்லிவிட்டு நாயோடு கிளம்பினாள். வழித்தாளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்றேகாலுக்கு மிஸ்டர் பிரீஸ் ஓடி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். அவருடையது அல்ல.

பசுக்கள் அவளை மிதித்துக் கொன்றிருந்தன. நாய்க்கயிறு அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்ததாம். அவர்தான் கத்தியால் அறுத்தார். நாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

மீன் இரண்டும் தட்டில் ஆறிப்போய் இருந்தன. நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

மே 19

போலீஸ்காரப் பெண் வந்தாள். மாடு விட்டிருப்பதைப் பற்றி பிரீஸ் முன்கூட்டியே ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லலைங்க. சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டோமா?” என்றார் அப்பா.

நான் பக்கத்தில் நின்று கண்ணாடித் தம்ளர் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தம்ளரைப் பார்த்தேன்.

மே 24

முதலில் எழுதிய தாள் இன்னும் கணினியில் இருக்கிறது. திறந்தேன். மூடினேன்.

ஜூன் 12

பிரீஸ் மேல் வழக்கு வரலாம் என்கிறார்கள். பாரில் அவருக்கு இப்போது ‘கசாப்பு’ என்று பெயர். அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார்.

இன்று தபால் நிலையத்தில் பிரீஸ் எதிரே வந்துவிட்டார். மெல்லிய குரலில் கேட்டார்: “நான் சொன்னதை நீ எழுதலையா கண்ணு?”

எழுதினேன் என்றால் பாதி உண்மை. எழுதவில்லை என்றாலும் பாதி உண்மை. தபால்தலை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஜூன் 13

கேட்டே விட்டேன். அப்பா, நாம உண்மையைச் சொல்லிடலாமே.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “நாம குடியிருக்கிற மாடியும் குத்தகைதான், நம்முது இல்ல. ஓனர் பப்பைத் திருப்பி எடுத்துட்டா கூரையும் போச்சு. உங்க அம்மாவை எங்க படுக்க வைக்கப்போற, உன் புஸ்தகத்து மேலயா?”

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 20

ஹெரிஃபோர்டில் மரண விசாரணை. வழித்தாளை எழுதியவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காரில் அப்பா வானொலி வைத்தார், அணைத்தார், வைத்தார்.

முதலில் திரு. டன்னிங் பேசினார். “முப்பது வருஷம் டீச்சர்ங்க. எழுதியிருந்தா எழுதினபடியே செய்வா. கயித்தை விட்டுருக்க மாட்டா.” குற்றம் சாட்டும் குரலே அல்ல. மனைவியை மெச்சும் குரல்.

பிறகு என் பெயர். விசாரணை அதிகாரி கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னார். இன்னும் சத்தமாக என்றார். மூன்றாவது தடவை கூடமே அதிரக் கத்தியிருக்கிறேன் போல: “மிஸ்டர் பிரீஸ் சொன்னாரு. நான் எழுதினேன். அப்புறம் நானே அழிச்சேன்.”

அழிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

சொன்னேன்.

முதல் தாளைக் கொடுத்தேன். திரு. டன்னிங் அதை வாங்கி, நான்கு வரியையும் விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். பிரீஸ் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா எழுந்து வெளியே போனார். நான் வந்தபோது கார் இல்லை.

பிப்ரவரி 21

லட்லோவில், கல்லூரித் தோழி வீட்டு சோபாவில். அம்மாவுக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 9

பிரீஸ் மேல் வழக்கு இல்லையாம். ஆனாலும் பசுக்களை விற்றுவிட்டார்.

மழைக்கோட்டும் நான்கு புத்தகங்களும் வேண்டும் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். ‘மதியம் வா’ என்று பதில். போனேன். முன்வாசல் வழியே பாருக்குள் நுழைந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். துணியை மடித்து வைத்தார்.

“முன்வாசல் சாப்பிட வர்றவங்களுக்கு. சாமான் எடுக்கிறவங்க பின்னால வரணும்.”

சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். கதவு சாத்தியிருந்தது. படியில் மூன்று பைகள். மழைக்கோட்டு மட்டும் அல்ல – என் போர்வை, பள்ளிச் சான்றிதழ்கள், சின்ன வயது செருப்புகூட. கடைசிப் பையின் அடியில், பாருக்குப் பின்னால் மாட்டியிருந்த என் பட்டமளிப்புப் படம். கண்ணாடி உடையாமல் இருக்க அம்மா துண்டு சுற்றியிருந்தாள். அதை மாட்டியிருந்த ஆணியையும் பிடுங்கி உள்ளே போட்டிருந்தார்கள்.